தணிகைச் சுனையின் மூன்றாவது பூ

கந்தபுராணத்தில் வள்ளியை மணந்து தணிகைக்கு வரும் முருகன் அவளுக்கு மலையின் பெருமையைச் சொல்கிறான். இந்த மலைமேல் நாள் தவறாமல் மூன்று நீலப் பூக்கள் மலர்கின்றன. காலையில் ஒன்று, உச்சிப் பொழுதில் ஒன்று, வானெல்லாம் இருள் சூழும் மாலையில் ஒன்று. நாம் வழக்கமாகக் காணும் பொழிப்புரைகள் இந்த இடத்தில் 'நீலோற்பலம், கருங்குவளை' என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகின்றன. அகராதிப்படி அது சரிதான். ஆனால் செய்யுளில் நடப்பது என்ன என்பது அதில் விடுபட்டுப் போகிறது.

ஏனென்றால் நீலக் குவளை மாலையில் மலராது. இன்று நிம்ஃபேயா நூச்சாலி என்று தாவரவியல் அழைக்கிற இந்தப் பூ காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பத் தொடங்கிவிடும். ஒரே பூ மூன்று நான்கு நாட்கள் இப்படித் திறந்து மூடும். பிறகு தண்டு வளைந்து நீருக்குள் இறங்கிக் காயாகும். எனவே காலைப் பூ இயற்கை. உச்சிப் பூவையும் ஒருவாறு இயற்கையோடு சேர்த்துவிடலாம். இருட்டில் விரியும் மூன்றாவது பூவுக்கு இயற்கையில் இடமில்லை. செய்யுள் அற்புதம் என்று வைத்தது அங்கேதான். மூன்று என்ற எண்ணில் வியப்பு ஏதும் இல்லை. எந்தக் குட்டையிலும் ஒரு காலையில் முப்பது பூக்கள் இருக்கும். பாடிய கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்து அர்ச்சகர் என்பது மரபு. எந்தப் பூ எந்தக் காலப் பூஜைக்கு விரிந்த நிலையில் கிடைக்கும் என்பது அர்ச்சகனுக்குத் தொழில் அறிவு. அந்த அறிவில் நின்று அவர் சொன்னதை, அந்த அறிவை இழந்துவிட்ட நாம் அலங்காரமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பூவை இன்ன பூ என்று சொல்ல நமக்கு என்ன அடையாளம் இருக்கிறது என்ற கேள்வி இலக்கிய வாசிப்புக்கும் உரியது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்குத் தாவரவியலில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு முனை நம் ஊர்க் குளங்களில் கிடக்கிறது.

*

திருத்தணிக்குப் பூவின் பெயரால் பல பெயர்கள். உற்பலகிரி, நீலோற்பலகிரி, குவளைச்சிகரி, கல்லாரகிரி, செங்கல்வகிரி. இந்திரன் சுனையில் குவளைக் கொடியை நட்டு அதன் பூவால் முருகனை வழிபட்டான் என்பது தலக்கதை. இந்தப் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் மலை ஒரே பூவின் பெயரைத் தாங்கியிருப்பதாகத் தோன்றாது. உற்பலம் நீலத்தைக் குறிக்கிறது. தமிழ் நிகண்டு மரபில் கல்லாரம் செங்கழுநீர், அதாவது சிவப்பு. அதே சொல்லின் வடமொழி மூலமான கஹ்லாரத்தை வெள்ளைப் பூ என்று பொருள்கொள்வோர் உண்டு. ஆக, நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றும் ஒரு மலைக்கு.

செங்கல்வ என்பதோ தெலுங்குக்காரர் வாயில் அப்படியே புழங்குகிற சொல். தெலுங்கில் இந்தப் பூக்களுக்கெல்லாம் கலுவ என்று ஒரே பெயர். நிறத்தை முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். தெல்ல கலுவ வெள்ளை, எர்ர கலுவ சிவப்பு, நல்ல கலுவ கருநீலம். தமிழ்க் காதுக்கு அது நல்ல பூ என்று கேட்கும். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கரின் சமரசத்துக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மக்கள் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதை அடையாளமாகக் கொண்டு கோடு போட்டார்கள். எல்லை வகுப்பது என்றாலே எந்த அடையாளத்தைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். செடிகளுக்கும் இதே கதைதான்.

ஆங்கிலத்தின் வழியாக வந்த குழப்பம் இன்னொன்று. நீலோற்பலத்தை நீலத் தாமரை என்று மொழிபெயர்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நீலத்தில் தாமரை கிடையாது. நம் தாமரை வெள்ளை அல்லது செம்மை. அமெரிக்காவில் மஞ்சளில் ஓர் இனம் உண்டு. உலகில் தாமரை இனங்கள் இந்த இரண்டே. இல்லாத பூ ஒன்று நம் மொழிபெயர்ப்புக் கவிதைகளில் ஏராளமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

*

இந்தக் குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1753-ல் லின்னேயஸ் தாவரங்களுக்கெல்லாம் பெயரிட்டு வெளியிட்ட நூலில் நிம்ஃபேயா என்ற பேரினத்தில் நான்கு இனங்கள் இருந்தன. ஐரோப்பாவின் மஞ்சள் அல்லியும் வெள்ளை அல்லியும், எகிப்தின் அல்லி, நான்காவதாக நம் தாமரை. நீரில் வளர்வது, அகன்ற இலை, பல இதழ் ஆகியவற்றைப் பார்த்து அவர் தாமரையையும் அல்லியையும் ஒரு வீட்டில் குடிவைத்தார். 1763-ல் அடன்ஸன் தாமரையைப் பிரித்தெடுத்து, சிங்களப் பெயரை ஒட்டி நெலும்போ என்று தனிப் பேரினமாக்கினார். 1788-ல் ஜோசஃப் கேர்ட்னர் அதற்கு நூசிஃபெரா என்ற அடைமொழியைச் சேர்த்தார். கொட்டை தாங்குவது என்பது அதன் பொருள்.

கேர்ட்னர் பெயரைச் சூட்டிய நூலின் தலைப்பே கனிகளையும் விதைகளையும் பற்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரினங்களின் காய்களை வெட்டி, விதையைப் பிளந்து, உள்ளே கரு எப்படிக் கிடக்கிறது என்று வரைந்தவர் அவர். நுண்ணோக்கியில் குனிந்தே கண் பார்வையைக் கெடுத்துக்கொண்டார். பூவின் அழகு பூச்சியை அழைப்பதற்காக ஏற்பட்டது; நிறம் நாளுக்கு நாள், குளத்துக்குக் குளம் மாறும். கனியின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. தாமரையின் நடுவே மேல்பக்கம் தட்டையான ஒரு கூம்பு, அதில் குழிகள், குழிக்கொரு கொட்டை. தமிழில் அதற்குப் பொகுட்டு என்று தனிச்சொல்லே இருக்கிறது. அல்லிக்குப் பொகுட்டு கிடையாது. அதன் காய் நீருக்கடியில் பழுத்து, பஞ்சு போல் ஊறி, ஒழுங்கில்லாமல் வெடித்து, கடுகு போன்ற விதைகளை நீரில் விடும். ஒவ்வொரு விதையையும் சுற்றி மெல்லிய உறை. அதனால் சிறிது நேரம் மிதந்து போய்ப் பிறகு சேற்றில் அமரும். தாமரையின் கொட்டை காற்றில் முற்றுகிறது, அல்லியின் விதை தண்ணீரில் முற்றுகிறது. 1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்தப் பிரிவு கேர்ட்னர் நினைத்ததைவிட ஆழமானது என்று தெரிந்தது. தாமரைக்கு அல்லி சொந்தமே இல்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே சில்வர் ஓக், அதுதான் தாமரைக்கு நெருங்கிய உறவு.

தாமரை தனியே போய்விட்டது. மிஞ்சிய அல்லி, ஆம்பல், குவளை, நெய்தல், கழுநீர் ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் சிரமமான வேலை. லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரிடம் பழகிய ராக்ஸ்பரோ 1781-லிருந்து கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரைச் செடிகளைச் சேகரித்தார். ராக்ஸ்பரோ அல்லிகளுக்குச் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: ரூப்ரா, சயானியா, வெர்சிகலர். சிவப்பு, நீலம், நிறம் மாறுவது. தெலுங்கு நாட்டில் உட்கார்ந்து எர்ர கலுவ, நல்ல கலுவ என்று கேட்டவர் லத்தீனிலும் அதையே செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தற்செயலாகவும் இருக்கலாம். எப்படியோ, நிறத்தை நம்பியபோது இனங்கள் பெருகின. பிறகு ஹூக்கர் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலை எழுதியபோது சயானியாவும் வெர்சிகலரும் ஒரே இனத்தின் வகைகளாகச் சுருங்கின. ரூப்ராவும் ப்யூபசென்ஸும் எகிப்து அல்லியின் கீழே போயின. இப்போதைய நூல்கள் ப்யூபசென்ஸைத் தனி இனமாகத் திரும்ப நிறுத்தியிருக்கின்றன. ரூப்ராவைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

இதற்கிடையே சென்னையில் ராபர்ட் வைட்டின் மேசையில் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிளையை வரைந்து முடித்ததும் தாளின் அடியில் பூவைப் பிளந்தும், மகரந்தத்தாளைத் தனியே எடுத்தும், காயைக் குறுக்கே வெட்டியும் சிறுசிறு படங்களாக வரைவது அந்த மேசையின் பழக்கம். ஓவிய விமர்சகர்கள் இந்தத் தாள்களில் மேல்பாதியைப் பாராட்டுகிறார்கள். செடி எது என்று தீர்ப்பு சொல்வது அடிப்பாதி.

*

அந்தத் தீர்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஒரு குளத்தில் இரண்டு அல்லிகள் இருக்கின்றன, இரண்டும் வெள்ளை. முதலாவதின் இலை விளிம்பு வழவழப்பாகவோ மெல்ல நெளிந்தோ இருக்கிறது, அடிப்புறத்தில் மயிர் இல்லை. இரண்டாவதின் விளிம்பில் ரம்பப் பல். அடிப்புறம் தடவினால் பூனைமயிர், நரம்புகள் புடைத்து நிற்கும். பூவுக்குள் போனால், முதலாவதின் வெளி வரிசை மகரந்தத்தாள்களில் மகரந்தப்பைக்கு மேலே ஒரு நாக்கு நீண்டிருக்கும். இரண்டாவதில் அந்த நாக்கு இல்லை. முதலாவது பகலில் விரியும். இரண்டாவது பொழுது சாய்ந்து விரிந்து, இரவெல்லாம் திறந்திருந்து, மறுநாள் வெயில் ஏறக் கூம்பும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர் சந்தேகப்படலாம். இலை வயதுக்கேற்ப மாறும், நேரம் மேகத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். அப்போது காயைக் குறுக்கே வெட்ட வேண்டும். ஆரஞ்சுச் சுளைகள் போல அறைகள் வட்டமாக இருக்கும். பகல் அல்லியில் ஒவ்வோர் அறைக்கும் தன் சுவர் தனி. பக்கத்துப் பக்கத்துச் சுவர்கள் ஒட்டாமல் நிற்கின்றன, நடுவிலும் வெளிப்புறத்திலும் மட்டுமே பிடிப்பு. இரவு அல்லியில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரே சுவர். ஜெர்மானியரான காஸ்பரி 19ஆம் நூற்றாண்டில் உலகத்து அல்லிகளையெல்லாம் இந்தச் சுவரை வைத்தே இரண்டாகப் பிரித்தார். 1905-ல் கோனார்ட் எழுதிய பெரிய நூலும் அந்தப் பிரிவிலேயே நிற்கிறது. ஒட்டிய சுவரா, ஒட்டாத சுவரா என்ற கேள்விக்கு நிறம் பதில் சொல்லாது. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று எந்த நிறத்தில் வந்தாலும் நூச்சாலியின் சுவர் இரட்டைதான்.

பள்ளிக்கூடத் தாவரவியலில் பூவின் அடுக்குகளைப் புல்லி வட்டம், அல்லி வட்டம் என்று படித்தோம். புறவிதழுக்குப் புல்லி, அகவிதழுக்கு அல்லி; பழைய தமிழ்ச் சொற்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அல்லி என்ற செடியின் பூவில் அல்லி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. வெளியிதழ் உள்ளே போகப் போகக் குறுகி, நுனியில் மகரந்தப்பையின் சாயல் தோன்றி, மெல்லமெல்ல மகரந்தத்தாளாகிவிடுகிறது. எல்லைக் கோடு இல்லாத பூவின் பெயரைத்தான் நாம் ஓர் எல்லைக்குப் பெயராக வைத்திருக்கிறோம். பூவில் நெகிழ்வாக இருப்பது காய்க்கு வந்ததும் இறுகிவிடுகிறது.

*

இப்போது நம் பழைய கவிதைக்கு வரலாம். ஆம்பல் இரவில், நிலவைக் கண்டு மலர்வது என்பது பிற்கால மரபு. அதைக் கொண்டுபோய்ச் சங்கப் பாட்டின் மீதும் ஏற்றிவிடுகிறோம். குறுந்தொகை 122-ல் ஆம்பல் கூம்புகிறது. அதனால் மாலை வந்தது தெரிகிறது. நற்றிணை 230-ல் ஆம்பல், கிழக்கே தோன்றும் வெள்ளியைப் போல இருள் கெட விரிகிறது. விடியலில் திறந்து மாலையில் மூடும் இந்த ஆம்பல் நிலவுக்கு மலரும் அல்லியாக இருக்க வழியில்லை. பாட்டுகள் தம் சாட்சியத்தைத் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. உரையாசிரியர்தான் வேறு பூவின் பழக்கத்தை இதற்கு எழுதிவைக்கிறார்.

மலையாளக் கரையிலிருந்து இதற்கு ஒரு துணைச்சான்று கிடைக்கிறது. 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ஹோர்த்துஸ் மலபாரிக்குஸில் வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் அறிஞர்கள் சொன்ன பெயர்களையே படங்களுக்குப் போட்டார். அதில் ஆம்பல் என்று ஒரு படம், சிற்றாம்பல் என்று இன்னொரு படம். ஆம்பல் என்று இருப்பது இரவு அல்லி. சிற்றாம்பல் என்று இருப்பது பகலில் விரியும் நூச்சாலி. ஆம்பல் என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டிலும் இரண்டு இனங்களையும் தழுவிக் கிடந்தது, அளவைச் சொல்லும் அடைமொழியே அவற்றைப் பிரித்தது என்று இதிலிருந்து தெரிகிறது. புறநானூறு 248-ல் கணவனை இழந்தவள் பேசுகிற ஆம்பலும் சிறிய வெள்ளாம்பல்தான். அது நூச்சாலியின் வெள்ளை வடிவம் என்று கொண்டால் மேலே சொன்ன இரண்டு பாட்டுகளோடும் ஒத்துப்போகும். இது என் ஊகம். ஆனால் பாட்டுக்குள் இருக்கும் அடையாளத்திலிருந்து எழுந்த ஊகம்.

அந்தப் புறப்பாட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இளமையில் தழையுடையாக இருந்த ஆம்பல் இப்போது அவளுக்கு விதையாக, உணவாக மாறிவிட்டது. இலையிலிருந்து காய்க்கு நகர்கிறது பாட்டு. பூவுக்கு அதில் இடமே இல்லை. இத்தனைக்கும் நம் கவிதை மரபில் நீர்ப்பூ என்றால் கண்ணுக்கும் முகத்துக்கும் உவமை. அந்தச் சிறு விதையைச் சேற்றிலிருந்து அள்ளி, காயவைத்து, உமி போக்கித் தின்ன வேண்டிய வாழ்க்கை ஒருத்திக்கு வந்தது என்பதை, அல்லியின் காய் நீருக்கடியில் அழுகி வெடிக்கும் பொருள் என்று அறிந்தவன்தான் முழுதாக வாங்கிக்கொள்வான்.

நெய்தலும் குவளையும் இதற்கு நேர் எதிரான சிக்கல். நெய்தல் மாலையில் கூம்புவதைப் பாட்டுகள் ஓயாமல் சொல்கின்றன; எனவே பகல் பூ. நீலக் குவளையும் பகல் பூ. கடற்கரைப் பாட்டில் நெய்தலாகவும் மலைச்சுனைப் பாட்டில் குவளையாகவும் வருவது ஒரே நூச்சாலியாக இருக்கலாம். திணை மாறும்போது பெயர் மாறியிருக்கலாம். ஆனால் குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ஆம்பலும் குவளையும் நெய்தலும் தனித்தனியாக நிற்கின்றன. கபிலருக்கு அவை வேறு வேறு. ஒரு பெயரில் இரண்டு இனம், ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் என்ற இரண்டு சாத்தியங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டியலைப் படிக்க முடியும். வடமொழிக் கோசத்திலும் இந்தக் கவனம் இருந்திருக்கிறது. அமரகோசம் ஹல்லகம் என்ற செம்பூவுக்கு ரக்தசந்த்யகம் என்று மாற்றுப்பெயர் தருகிறது. சிவப்பு நிறம், சந்தியாகால மலர்ச்சி என்று இரண்டு அடையாளங்கள் ஒரு சொல்லில். இரவு அல்லிகளில் சிவந்ததான ரூப்ராவுக்கு இது அப்படியே பொருந்துகிறது.

கருங்குவளை என்ற பெயரிலோ மூன்றாவது ஒரு செடியும் நுழைந்திருக்கிறது. ரீடின் நூலில் கரிம்கோல என்றிருப்பது கரிங்கூவளம்; படத்தில் இருப்பது வயல்களில் நீல நிறத்தில் பூக்கும் மோனோகோரியா. அதற்கு ஆறே இதழ், ஆறு மகரந்தத்தாள், அதில் ஒன்று மட்டும் பெரியது. அல்லிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழ் மருந்துப் பட்டியல்களிலும் கருங்குவளைக்கு நேரே இந்தச் செடியின் பெயர் ஏறியிருக்கிறது. நீலம் என்ற ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் வைத்தியரின் கிழங்கே மாறிப்போகும்.

*

பெயர்ப் பிழை தேசங்களுக்கும் நேர்கிறது. இலங்கை 1986-ல் நீல அல்லியைத் தேசிய மலராக ஏற்றது. பின்னாளில் அந்நாட்டுத் தாவரவியலாளர்கள், அந்தப் பெயரில் பரவலாகக் காட்டப்பட்டு வந்த ஊதாப் பூ வெளியிலிருந்து வந்த அலங்காரக் கலப்பினம் என்று காட்டினார்கள். வங்கதேசத்தின் தேசிய மலர் ஷாப்லா வெள்ளை அல்லி. பல நூல்கள் அதற்கும் நூச்சாலி என்றே எழுதுகின்றன. இரவில் விரியும் அந்த வெள்ளைப் பூவுக்கு ப்யூபசென்ஸ் என்பதே பொருந்தும். இரண்டு நாடுகள் ஒரே லத்தீன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு பூக்களை வணங்குகின்றன. திருத்தணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆந்திரம் கலுவையை மாநில மலராக வைத்திருந்து 2018-ல் மல்லிகைக்கு மாறிக்கொண்டது.

கலப்பினம் பெருகப் பெருக இனி அடையாளம் காண்பது கடினமாகும். நாற்றுப் பண்ணைகளில் விற்கிற ஊதா அல்லி ஒரு குளத்தில் இறங்கிவிட்டால் அங்கிருந்த பழைய நீலக்குவளையை அது தள்ளிவிடலாம், அல்லது அதோடு கலந்துவிடலாம். பார்ப்பவன் கண்ணுக்கு நீலோற்பலம் இன்னும் பூத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். பெயர் இருக்கும், நிறம் இருக்கும், பூ போயிருக்கும்.

நம் பதிப்புகளில் 'ஒருவகை நீர்ப்பூ' என்ற அடிக்குறிப்புக்குப் பதிலாக மூன்று செய்திகள் வேண்டும் என்று கேட்கலாம். பாட்டில் அந்தப் பூ எந்தப் பொழுதில் விரிகிறது, எங்கே வளர்கிறது, அதன் இலையையோ காயையோ பற்றிப் பாட்டு ஏதாவது சொல்கிறதா. இனப்பெயரை அதற்குப் பிறகு எழுதலாம். தெரியாவிட்டால் எழுதாமலும் விடலாம். இந்த மூன்றையும் குறித்துவைத்த வாசகன் கந்தபுராணத்துக்கு வந்தால், தணிகைச் சுனையின் முதல் இரண்டு பூக்களையும் கடந்துபோய் மூன்றாவதன் முன் தானாகவே நின்றுவிடுவான்.